கட்டியம் கூறிய ஒளிநாடா

கூத்துக் களரியில் அரசன் எடுத்த எடுப்பிலே தோன்றுவதில்லை. மத்தளமும் தாளமும் முழங்க, முதலில் வருபவன் கட்டியக்காரன். வரப்போகும் மன்னன் எந்நாட்டவன், அவன் வீரம் எத்தகையது என்பவற்றை உரத்த குரலில் எடுத்துக் கூறி, அவையோரை நிமிர்ந்து உட்காரச் செய்வது அவன் தொழில். அவன் மன்னனல்லன், மணிமுடியும் அவனுக்கில்லை. ஆயினும் அவன் கூறும் கட்டியம் நன்கமையாவிடின் மன்னனின் வரவு களைகட்டுவதில்லை. கிழக்கிலங்கையில் வடமோடியும் தென்மோடியும் கண்டு வளர்ந்த நேயர்கள் இதனை நன்கு அறிவர்.

திரைப்படத்தில் இந்தக் கட்டியக்காரனின் தொழிலை ஏற்றுக்கொண்டது முன்னோட்டம். தொடக்கத்தில் அது படம் முடிந்த பின்னரே காட்டப்பட்டது. அதனால் ஆங்கிலத்தில் பின்னே தொடர்ந்து வருவது என்று பொருள்படும் பெயர் அதற்கு ஏற்பட்டது. எழுந்து செல்லும் கூட்டம் அதனைப் பார்ப்பதில்லை என்று கண்டபின், அது படத்துக்கு முன்னே வந்து நின்றது. தமிழில் வழங்கும் முன்னோட்டம் என்ற பெயரே அதன் இன்றைய நிலைக்குப் பொருந்துவது.

முன்னோட்டங்கள் பலவகை. அவற்றுள், 1970ஆம் ஆண்டுகளில் ஹொங்கொங் நகரில் ஆக்கப்பட்ட குங்ஃபூப் படங்களின் முன்னோட்டங்களுக்கு மாத்திரம் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. படங்கள் பல மறக்கப்பட்டுவிட்டன. அவற்றை அறிவித்த இரண்டு மூன்று நிமிடத் துணுக்குகளோ இன்றும் தேடித் தேடிப் பார்க்கப்படுகின்றன. அவற்றைத் தேடுவோரிற் பெரும்பாலோர் திரையரங்கில் அவற்றைக் கண்டவர்களல்லர். வீட்டில், ஒளிநாடாவிற் கண்டவர்கள். இந்த ஈர்ப்புக்குக் காரணம் யாது?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சார்ந்த லிங்கநகரை எடுத்துக்கொள்ளலாம். கடல்வழியாக உலகத்தோடு பழகிய ஊர் திருகோணமலை. பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு வரை இங்குத் தளங்கொண்டிருந்தது. இத்துறைமுகத்தின் குடாக்களுள் ஒன்று சீனக்குடா என்றே பெயர் பெற்றது. சீனத்துடனான தொடர்பும் இத்தீவுக்குப் புதிதன்று. சீனக் கடற்றளபதி செங் ஹோ இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு 1911ஆம் ஆண்டில் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அக்கல்லிற் சீனமும் பாரசீகமும் தமிழும் ஒருங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, சீன வீரனொருவனின் உருவம் ஒரு தமிழ்க் குடியிருப்பின் நடுவே ஒளிவிட்டதில் வியப்பதற்கு அதிகமில்லை.

அவ்வுருவம் வந்துசேர்ந்த வழி வேறு. வி.எச்.எஸ். என்னும் ஒளிநாடா முறை 1976ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமாயிற்று. 1977ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1979ஆம் ஆண்டிலே தீவில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1982ஆம் ஆண்டில் ரூபவாகினி தோன்றியது. மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் திரும்பி வருகையில் தொலைக்காட்சிப் பெட்டியையும், மக்கள் வழக்கில் டெக் எனப்பட்ட ஒளிநாடாக் கருவியையும் கொண்டுவந்தனர்.

அக்காலத்தில் ஓர் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு டெக் வந்ததென்றால், அது அவ்வீட்டுக்கு மாத்திரம் வந்ததன்று. ஒழுங்கை முழுவதற்கும் வந்ததாகும். கருவி இல்லாதவர்கள் ஒரிரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். விறாந்தையில் மேசை போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, முற்றத்திற் பாய் விரித்துவிட்டால் அதுவே அரங்கம். மின்சாரம் இல்லாத இடங்களில் மின்பிறப்பாக்கி இரைந்துகொண்டிருக்கும். வாடகை ஒரிரவுக்கே என்பதனால், விடியும்வரை மூன்று நான்கு படங்கள் ஓடுவதும் உண்டு.

அத்தகைய இரவுகளில் ஒரு சிறு வழக்காடல் தவறாது நிகழும். பெரியவர்களுக்கு வேண்டியது எம்.ஜி.ஆர். படம் அல்லது சிவாஜி படம். இளைஞர்களுக்கு வேண்டியது குங்ஃபூப் படம். வழக்கு முற்றும்போது வீட்டுக்கு மூத்தவர் ஒருவர் தீர்ப்பளிப்பார்: "தம்பி, அந்தச் சண்டைத் துண்டைக் காட்டிப்போட்டு எங்கட படத்தைப் போடு." சண்டைத் துண்டு என்று அவர் கூறியது, நாடாவின் தலைப்பில் இருந்த முன்னோட்டங்களையே. மூலநாடாவிலிருந்து படியெடுப்போர் தலைப்பில் இருந்தவற்றையும் சேர்த்தே படியெடுத்தனர். எனவே, ஒரு படத்தைத் தேடி வாங்கிய நாடாவில், தேடாத நான்கைந்து படங்களின் கட்டியமும் கூடவே வந்தது. இளைஞர்கள் அந்தத் தீர்ப்பை ஏற்றனர். பெரியவர்களும் முன்னோட்டம் முடியும்வரை பெட்டியைவிட்டுக் கண்ணெடுப்பதில்லை.

ஏன்? முதலாவது காரணம் மொழி. முன்னோட்டத்தைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. அக்கால ஹொங்கொங் படங்கள் பெரும்பாலும் ஒலியின்றியே எடுக்கப்பட்டன. உரையாடல் பின்னர் சேர்க்கப்பட்டது. சீனர்க்குள்ளேயே ஒரு பகுதியார் பேசும் மொழி மற்றப் பகுதியார்க்கு விளங்காது. ஆகவே அப்படங்களை ஆக்கியோர் உடலின் மொழியையே பெரிதும் நம்பினர். முழுப்படத்தில் கதையும் உறவும் சூழ்ச்சியும் வசனத்தால் நடக்கும். சீனமொழி அறியாதவர் அங்கே இடறுவர். முன்னோட்டத்தில் அவை உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவது எழும் கை, தாவும் கால், சுழலும் கோல். சிலம்பம் கண்ட கண்ணுக்கு இதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

இரண்டாவது காரணம் உழைப்பு. குங்ஃபூ என்ற சீனச் சொல்லுக்குப் போர்க்கலை என்பது பிற்காலத்துப் பொருள். காலமும் முயற்சியும் செலவிட்டு ஈட்டிய திறமை என்பதே அதன் மூலப்பொருள். சமையலில் ஒருவர் கைதேர்ந்தவராயின் அதுவும் குங்ஃபூவே. அப்படங்களில் தோன்றியோர் பலர் அத்தகைய திறமையைச் சிறுவயது முதல் ஈட்டியவர்கள். ஜாக்கி சான், சாமோ ஹங், யுவென் பியாவ் ஆகிய மூவரும் ஹொங்கொங்கில் யூ ஜிம் யுவென் என்ற ஆசிரியர் நடத்திய பீக்கிங் நாடகப் பள்ளியில் பயின்றவர்கள். பாட்டு, ஆட்டம், கரணம், ஆயுதப்பயிற்சி யாவும் அங்கே ஒருங்கே கற்பிக்கப்பட்டன; பயிற்சி கடுமையானது; அடியும் பட்டினியும் அதன் பகுதிகள். அண்ணாவியாரின் முன்னே ஆடிப் பழகிய கூத்தனுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஆண்டுக்கணக்கில் வளைந்த உடம்பின் பயனை, முன்னோட்டம் இரண்டு நிமிடத்தில் பிழிந்து தருகிறது. உடம்பு தாவியது என்பது உண்மை, அதில் நடிப்பில்லை. பார்ப்பவன் உள்ளம் அந்த உண்மையையே பற்றிக்கொள்கிறது.

இதற்கு எடுத்துக்காட்டு, 1978ஆம் ஆண்டில் லாவ் கார் லியங் இயக்கிய 'ஷாலினின் 36ஆம் அறை' என்ற படம். அதன் நாயகன் கோர்டன் லியு. மடத்திற் சேர்ந்த இளைஞன் ஒருவன் இரு கைகளையும் நீட்டியபடி நீர்வாளிகளைச் சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால், தோளின் கீழ்க் கட்டப்பட்ட கத்தி விலாவைக் கீறும். ஒரு துணுக்கைக் கண்டாலே போதும், முழுக்கதையின் அறமும் விளங்கிவிடும். ஒன்றைப் பெற விரும்புபவன் கையைத் தாழ்த்தக் கூடாது என்பதே அது.

தமிழர்க்கு மூன்றாவதாக ஒரு காரணமும் கூறப்படுவதுண்டு. ஷாலின் மடத்துக்குப் போர்க்கலையைக் கற்பித்தவர் காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் என்ற கதை தமிழரிடையே பரவியுள்ளது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏழாம் அறிவு' அதனை மேலும் பரப்பியது. ஆனால் வரலாற்றாசிரியர் இதனை அப்படியே ஏற்பதில்லை. போதிதருமரின் பிறப்பிடம் பற்றிப் பழைய சீனக் குறிப்புகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அவரைப் போர்ப்பயிற்சியோடு இணைக்கும் நூல், அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்ட 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முற்றத்துப் பாயிலிருந்து பார்த்த சிறுவனுக்கு இந்த உரிமைப் பத்திரம் தேவைப்படவுமில்லை. கலை நன்றாக இருந்தது, அதுவே போதுமாயிருந்தது.

உண்மையான தமிழ்த் தொடர்பு வேறோரிடத்தில் இருக்கிறது. அப்படங்களிற் பெரும்பகுதியை ஆக்கிய ஷா சகோதரர் நிறுவனம் 1920ஆம் ஆண்டுகளில் ஷங்காயிலே வேர்கொண்டு, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் திரையரங்குகளை நடத்தி வளர்ந்தது. சிங்கப்பூரில் அந்நிறுவனம் மலாய்ப் படங்களை ஆக்கியபோது இந்திய இயக்குநர்களையே பெரிதும் நம்பியது. சென்னையிற் பிறந்த எல். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். புகழ்பெற்ற மலாய் நடிகர் பி. ராம்லி நடித்த 'பக்தி' என்ற படத்தை 1950ஆம் ஆண்டில் இயக்கியவர் அவரே. ஷா நிறுவனம் பின்னர் ஹொங்கொங்கில் 1961ஆம் ஆண்டில் பெரிய படப்பிடிப்பு நகரம் ஒன்றைத் திறந்தது. அங்கிருந்து வெளிவந்த 1972ஆம் ஆண்டின் 'கிங் பொக்ஸர்', மறுவருடம் அமெரிக்காவில் வெளியாகி, உலகெங்கும் குங்ஃபூ அலையைக் கிளப்பியது.

அவ்வலையின் உச்சியில் நின்றவர் புரூஸ் லீ. 1940ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்து ஹொங்கொங்கில் வளர்ந்தவர். கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்துக்காக 1971ஆம் ஆண்டில் 'த பிக் பொஸ்' படத்திலும், 1972ஆம் ஆண்டில் 'ஃபிஸ்ட் ஒப் ஃபியூரி' படத்திலும் நடித்தார். 'என்டர் த டிராகன்' அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பே, 1973ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி, 32 வயதில் அவர் காலமானார். இங்கேதான் முன்னோட்டத்தின் விந்தை வெளிப்படுகிறது. பத்தாண்டு கழித்து ஓர் ஒழுங்கையில் நாடா சுழலும்போது, அவர் வருகிறார், வருகிறார் என்று அறிவிப்பாளரின் குரல் முழங்குகிறது. வரப்போகிறவர் மண்ணுக்குட் சென்று பத்தாண்டு ஆகிவிட்டது. ஆயினும் கட்டியம் ஓயவில்லை. முன்னோட்டத்துக்கு இறந்தகாலம் தெரியாது. அதற்குத் தெரிந்த காலம் எதிர்காலம் ஒன்றே.

முன்னோட்டம் பொய் சொல்வதும் உண்டு, அதனை மறைத்தலாகாது. புரூஸ் லீ மறைந்தபின், புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ என்றவாறு பெயரும் தோற்றமும் ஒத்த நடிகர்கள் பலர் முளைத்தனர். முன்னோட்டங்கள் அவர்களை உண்மை மன்னர்போல் அறிவித்தன. புரூஸ் லீ 1972ஆம் ஆண்டில் எடுத்து முடிக்காது விட்ட 'கேம் ஒப் டெத்' படமும், வேறு ஆட்களை அவருக்குப் பதிலாக நிறுத்தி முடிக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. மெலிந்த படத்துக்குக் கொழுத்த முன்னோட்டம் அமைவதும் வழக்கமே. நல்ல அடிகள் அனைத்தையும் முன்னோட்டத்திற் கொட்டிவிட்டபின் படத்தில் எஞ்சியது சிறிதாயிருந்தது. முழுப்படம் கண்டு ஏமாந்தவர்கூட, அடுத்த நாடாவின் முன்னோட்டத்தைக் கண்டு மீண்டும் நம்பினர் என்பதே அதன் ஆற்றல்.

இனி, நாடாவின் குறைகளையும் கருதவேண்டும். ஷா நிறுவனத்தின் படங்கள் அகன்ற திரைக்கென எடுக்கப்பட்டவை. அவற்றின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ உயரத்தைப்போல் 1.33 மடங்கே. பெட்டியை நிரப்புவதற்காகப் படத்தின் இருபுறமும் வெட்டப்பட்டன. ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு காணாமற் போயிற்று. எதிரெதிரே நின்ற வீரர் இருவரும் திரைக்கு வெளியே போக, நடுவிலிருந்த வெறுவெளி மாத்திரம் தெரிந்த கணங்களும் உண்டு. படியின் படியை எடுத்த நாடாவில் நிறம் வெளிறி, கோடுகள் ஓடும். பார்ப்பவன் கற்பனையால் ஓரங்களை நிரப்பினான். அவன் கண்டது பாதி, கட்டியது மீதி. அவ்வாறு கட்டியதனாலேயே அது அவனுக்குச் சொந்தமாயிற்று.

நாடாக் காலம் அமைதிக் காலமாக நீடிக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் பின்னர் வடக்கும் கிழக்கும் போரின் பிடியில் அகப்பட்டன. ஊரடங்கு வந்தது, மின்சாரம் நின்றது, இரவில் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடுவது அரிதாயிற்று. தொடங்கிய படம் முடியாத இரவுகள் பல. அத்தகைய இரவுகளிற் கண்டது முன்னோட்டம் மாத்திரமே. விரைவில் வருகிறது என்று அறிவிக்கப்பட்ட படங்களிற் பல அந்த ஒழுங்கைக்கு வரவேயில்லை. அவற்றைக் காணக் காத்திருந்த இளைஞரிற் சிலர் கடல்கடந்தனர்; சிலர் இல்லாமற் போயினர். வராத படத்தின் முன்னோட்டம் இதனாலேயே மறக்கமுடியாததாகிறது. பார்த்து முடித்த படம் முடிந்துவிடுகிறது. காணாத படமோ மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பழைய முன்னோட்டங்களைத் தேடுவோர் தேடுவது இளமையின் சுவையை மாத்திரமன்று என்பதற்குச் சான்றும் உண்டு. ஷா நிறுவனத்தின் பழைய படங்கள் நெடுங்காலம் பெட்டகத்திற் பூட்டிக் கிடந்தன. 2000ஆம் ஆண்டளவில் செலஸ்டியல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் ஏறத்தாழ 760 படங்களின் உரிமையைப் பெற்று, அவற்றைச் செப்பனிட்டு, 2002ஆம் ஆண்டு முதல் குறுவட்டுகளில் வெளியிட்டது. படங்கள் பளிங்குபோல் தெளிந்தன. வெட்டுண்ட ஓரங்களும் மீண்டன. ஆனால் அவ்வட்டுகளிற் பலவற்றில் பழைய முன்னோட்டங்களுக்குப் பதிலாகப் புதிதாகத் தொகுத்த முன்னோட்டங்கள் வைக்கப்பட்டன. புதிய இசையும் புதிய எழுத்தும் கண்ட அன்பர்கள் மகிழவில்லை. பழைய கட்டியக்காரன் எங்கே என்று கேட்டனர். பின்னர், 2016ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஒரு சிறு திரையரங்கிற் கிடைத்த பழைய முன்னோட்டச் சுருள்களைச் செவரின் ஃபிலிம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தனித் தொகுப்பாகவே வெளியிட்டது. படமின்றி முன்னோட்டங்கள் மாத்திரம் நிறைந்த வட்டை மக்கள் விலைகொடுத்து வாங்கினர்.

முன்னோட்டத்துக்கு ஆவணப் பெறுமதியும் உண்டு. படத்தொகுப்பு முற்றுப்பெறுமுன்பே அது பெரும்பாலும் ஆக்கப்படுவதனால், பின்னர் முழுப்படத்திலிருந்து நீக்கப்பட்ட காட்சியொன்று முன்னோட்டத்தில் மாத்திரம் எஞ்சுவதுண்டு. மன்னனின் மேனியில் இல்லாத அணி கட்டியக்காரனின் பாட்டில் இருப்பது போன்றது இது.

ஒளிநாடாவின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒளிநாடாக் கருவியை இறுதிவரை ஆக்கிவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதனை நிறுத்திக்கொண்டது. பழைய சுருள்களின் தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டிலேயே, பழைய நாடாவை ஓட்டும் கருவி ஆக்கப்படுவது நின்றது. நாடாவிற் காந்தத் துகளைத் தாங்கும் பூச்சு காலத்தால் இளகும். ஈரக்காற்றும் வெப்பமும் உள்ள கடற்கரை ஊர்களில் அதன்மேற் பூஞ்சணம் படரும். உப்புக்காற்று வீசும் திருகோணமலையில் அலுமாரியின் அடித்தட்டிற் கிடக்கும் நாடாவுக்கு நெடிய ஆயுள் இராது.

ஆகவே, பழைய நாடாவை எறியுமுன் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. அக்காலத்தில் நாடா விலையுயர்ந்த பொருள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவதே வழக்கம். ஒரு குங்ஃபூ நாடாவின்மேல் வீட்டுத் திருமணம் பதியப்பட்டிருக்கலாம். தாலிகட்டு முடிந்து திரை கணநேரம் கருகி, மீண்டும் ஒளிரும்போது, அழியாது தப்பிய ஒரு சீன வீரன் அங்கே தாவிக்கொண்டிருக்கலாம். அத்திருமணப் பந்தலில் நிற்போரிற் சிலர் இன்று இல்லை. அவர்களின் அசையும் உருவம் வேறெங்கும் இல்லாமலும் இருக்கலாம். இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பேணும் நூலகம் திட்டம் 2005ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அச்சேறிய தாளுக்கு வாய்த்த அந்தப் பராமரிப்பு ஒளிநாடாவுக்கும் வாய்க்கவேண்டும். இன்னும் ஓடக்கூடிய ஒரு கருவியைத் தேடி, நாடாவைத் துப்புரவு செய்து, ஒருமுறை ஓட்டி, கணினியிற் பதிந்துகொள்வது இன்றும் இயலக்கூடிய காரியமே. சில ஆண்டுகளின் பின் அது இயலுமென்று கூறமுடியாது.

அவ்வாறு ஓட்டும்போது தலைப்பை ஓட்டித் தள்ளிவிடாதிருத்தல் வேண்டும். அங்கேதான் அந்த இரண்டு நிமிடங்கள் இருக்கும். நிறம் வெளிறியிருக்கும், ஓரம் வெட்டுண்டிருக்கும், அறிவித்த நாயகன் மறைந்து அரை நூற்றாண்டு கடந்திருக்கும். ஆயினும் மத்தளம் முழங்கும், கட்டியக்காரன் வருவான். வருகிறான் மன்னன் என்று அவன் கூவும் அந்தக் கணத்தில், ஒழுங்கை முழுவதும் மீண்டும் பாய்விரித்து உட்கார்ந்திருக்கும்.